பானையின் மேல் உட்கார்ந்த பெரியவர்

சர்ச்சுக்குப் போகாத நண்பர்களும் சரி, ஞாயிறு தவறாமல் போகிறவர்களும் சரி, அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “இந்தப் புனிதர்கள் எல்லாம் தங்களைப் பெரிய பாவி என்று சொல்லிக்கொள்கிறார்களே, அது உண்மையா? உண்மை என்றால் அவர்கள் எப்படிப் புனிதர்கள்? பொய் என்றால் அதற்குப் பெயர் தாழ்மையா?” நியாயமான கேள்விதான். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் பாவிகளில் முதலிடத்தைத் தனக்கே கொடுத்துக்கொள்கிறார். ஒரு காலத்தில் அப்படி இருந்தேன் என்று சொல்லவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் என்ற தொனியில் எழுதுகிறார். அவர் சபையைத் துன்புறுத்தியதெல்லாம் என்றோ முடிந்துபோன கதை. பிறகு ஏன் இப்படிச் சொல்ல வேண்டும்? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பார்க்கலாம். இதற்கு நான் படித்ததிலேயே நல்ல பதில் காசாவில் இருந்து வந்தது.

ஆமாம், தினமும் செய்தியில் கேட்கிற அதே காசாதான். 6-ஆம் நூற்றாண்டில் அந்தக் கடலோரப் பகுதி முழுக்கத் துறவிகளின் மடங்கள். நகருக்குத் தெற்கே தாவத்தா என்று ஓர் ஊர். அங்கே பிறந்த ஹிலாரியன் என்ற துறவியின் பெயரால் அமைந்த மடத்தின் இடிபாடுகளை 2024 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அறிவித்த கையோடு, ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்தது. அதே வட்டாரத்தில் செரிதோஸ் என்பவர் தலைமையில் இன்னொரு மடமும் இருந்தது. அங்கே பர்சனூபியஸ், யோவான் என்ற இரண்டு முதியவர்கள் அறையை விட்டு வெளியே வராமல், கேட்டவர்களுக்கெல்லாம் கடிதத்திலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடிதங்களில் சுமார் 850 இன்றும் கிடைக்கின்றன. அந்த மடத்துக்கு வந்து சேர்ந்தவர்தான் தொரொத்தேயு. நன்றாகப் படித்தவர், புத்தகப் பிரியர். தன் சகோதரர் கொடுத்த பணத்தில் மடத்தில் நோயாளிகளுக்கென ஒரு கூடம் அமைத்து, அதைத் தானே கவனித்துக்கொண்டார். பிற்பாடு தனியாக ஒரு மடத்தை நடத்தியபோது அங்கிருந்த துறவிகளிடம் அவர் பேசிய பேச்சுகள் எழுத்தில் நிலைத்துவிட்டன. பெரிய தத்துவங்களைவிட, ஒரே கூரையின் கீழ் பல பேர் வாழும்போது வருகிற சில்லறைச் சண்டைகளைப் பற்றித்தான் அவற்றில் அதிகம். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒரு நாள் அவர்கள் தாழ்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது காசாவின் பெரிய மனிதர் ஒருவரும் கூட இருந்திருக்கிறார். கடவுளிடம் நெருங்க நெருங்க ஒருவன் தன்னைக் கூடுதல் பாவியாகப் பார்ப்பான் என்று யாரோ சொன்னதும் அவருக்கு வியப்பு. அது எப்படி முடியும் என்று கேட்டார். தொரொத்தேயு நேராகப் பதில் சொல்லவில்லை. “உங்கள் ஊரில் நீங்கள் யார்?” என்று கேட்டார். ஊரிலேயே முதல் ஆள் என்று பதில் வந்தது. செசரியாவுக்குப் போனால்? அங்கே இருக்கிற பெரியவர்களுக்கு அடுத்தபடிதான். அந்தியோக்கியாவுக்குப் போனால்? பட்டிக்காட்டான் என்று தோன்றும். கான்ஸ்டாண்டிநோபிளில், பேரரசரின் அருகே போய் நின்றால்? ஏழையிலும் ஏழை. அப்படித்தான் இதுவும் என்று முடித்தார் தொரொத்தேயு.

இந்தப் பேச்சில் நான் கவனிக்கிற விஷயம், அந்த மனிதர் எதையும் இழக்கவில்லை என்பது. காசாவில் இருக்கிற நிலமும் வீடும் அப்படியேதான் இருக்கின்றன. அவர் பொய்யும் சொல்லவில்லை, தன்னைக் கேவலப்படுத்திக்கொள்ளவும் இல்லை. யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பது மட்டும் மாறியிருக்கிறது. பவுலுக்கும் அதேதான். கடவுளுக்கு அருகே நிற்கிறவனுக்குத் தன் குறை அளவோடு தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரனை அளவுகோலாக வைத்துக்கொண்டவனுக்கு அது தெரிவதே இல்லை, ஏனென்றால் தன்னைவிட மோசமான ஒருவன் எந்தத் தெருவிலும் கிடைப்பான்.

இனி அடுத்தவரைத் தீர்ப்பிடும் விஷயத்துக்கு வருவோம். இதைப் பற்றியே தொரொத்தேயு ஒரு முழுப் பேச்சு பேசியிருக்கிறார். தீர்ப்பிடாதே என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், அது எப்படிப் படிப்படியாக ஏறுகிறது என்று காட்டுகிறார். முதல் படியில் ஒருவன் செய்ததைப் பற்றிப் பேசுகிறோம்: அவன் பொய் சொன்னான், அவன் கோபப்பட்டான். அடுத்த படியில் ஆளையே சொல்கிறோம்: அவன் பொய்யன், அவன் கோபக்காரன். அங்கே ஒரு செயலுக்கு அல்ல, அவனுடைய முழு வாழ்க்கைக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மூன்றாவது படியில் அவனை அருவருத்துத் தள்ளிவிடுகிறோம். இதைத்தான் எல்லாவற்றிலும் கொடியது என்கிறார்.

இந்த மூன்று படியையும் ஏற நமக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளரைப் பற்றிப் பேச்சு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “போன மாசம் கணக்கு காட்டல” என்று ஒருவர் ஆரம்பிப்பார். அது நடந்த விஷயம். இரண்டு வாய் டீ உள்ளே போவதற்குள், “அந்த ஆள் என்னைக்கு ஒழுங்கா கணக்கு காட்டியிருக்கான்?” என்று இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார். டம்ளரைக் கீழே வைக்கும்போது, “அந்த மாதிரி ஆளுங்க சகவாசமே வேண்டாம் சார்” என்று முடிந்திருக்கும். இடையில் புதிதாக ஒரு தகவலும் வரவில்லை என்பதைப் பாருங்கள். ஒரு மாதத்துக் கணக்குதான் கையில் இருந்தது. மிச்சமெல்லாம் நாம் சேர்த்தது.

ஜெபிக்கப் போன பரிசேயனையும் (சமயச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவன்) ஆயக்காரனையும் (வரி வசூலிப்பவன்) பற்றி லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். பரிசேயன் தற்பெருமைக்காரன், அதனால் கெட்டான் என்றுதான் நமக்குச் சிறு வயதில் சொல்லித்தந்தார்கள். தொரொத்தேயு அதை இன்னும் நுணுக்கமாகப் படிக்கிறார். தான் செய்த நல்லதுக்கெல்லாம் அவன் கடவுளுக்குத்தானே நன்றி சொன்னான், அதில் குற்றம் இல்லை என்கிறார். மற்ற மனிதரைப் போல் நான் இல்லை என்றபோதும் அவன் விழவில்லையாம். திரும்பிப் பார்த்து ‘இந்த ஆயக்காரன்’ என்று ஆளைச் சுட்டினானே, அங்கேதான் பாரம் ஏறியது என்கிறார். இத்தனை காலம் இந்தக் கதையைக் கேட்டும் அந்தத் திரும்பிப் பார்த்தலை நான் கவனித்ததில்லை. அந்த ஒரு கணத்தில் பரிசேயன் கடவுளோடு பேசுவதை விட்டுவிட்டு ஆயக்காரனின் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுத உட்கார்ந்துவிட்டான்.

ஏன் நம்மால் அந்தத் தீர்ப்பை எழுத முடியாது என்பதற்கு அவர் சொல்லும் காரணம், எனக்குத் தெரிந்து கிறிஸ்தவ மரபிலேயே கனமானவற்றில் ஒன்று. ஓர் ஊருக்கு அடிமைகளை ஏற்றிக்கொண்டு கப்பல் வருகிறது. அதில் இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். ஒருத்தியை அந்த ஊரில் இருந்த பக்தியுள்ள கன்னிப்பெண் ஒருவர் வாங்கித் தன் பிள்ளையைப் போல ஜெபமும் ஒழுக்கமும் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறார். இன்னொருத்தியைக் கூத்தாடிக் கூட்டத்துப் பெண் ஒருத்தி வாங்கித் தன் தொழிலுக்குப் பழக்குகிறாள். இருவரும் வளர்ந்து ஒரே தவறைச் செய்தால், இருவரிடமும் கடவுள் ஒரே கணக்கைக் கேட்பாரா? அந்த இரண்டாவது பெண்ணுக்கு நல்லது இன்னதென்று காதில் விழுவதற்கே வழி இருந்ததா? தொரொத்தேயு இந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, இப்படிப்பட்டவற்றை எடைபோடக் கடவுள் ஒருவரால்தான் முடியும் என்கிறார். ஒவ்வொருவரின் பலம், வளர்ந்த சூழல், இயல்பான குணம் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். நமக்குத் தெரிவது கடைசியில் நடந்த அந்தத் தவறு மட்டும். அதற்கு முன் அந்த ஆள் எத்தனை முறை தன்னோடு போராடி ஜெயித்தான் என்பது நம் கண்ணில் படுவதே இல்லை.

ஈசாக்கு என்ற முதியவரைப் பற்றிய பழைய துறவிக் கதையும் இதைச் சேர்ந்ததுதான். ஒரு மடத்துக்குப் போன ஈசாக்கு, அங்கே தவறு செய்த சகோதரன் ஒருவனை மனதுக்குள் தீர்ப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். தன் குடிசை வாசலில் தேவதூதன் ஒருவன் வழிமறித்து நிற்கிறான். ‘நீர் தீர்ப்பிட்டீரே, அந்தச் சகோதரனை எங்கே கொண்டுபோய்ப் போடச் சொல்கிறீர் என்று கேட்டுவரக் கடவுள் என்னை அனுப்பினார்’ என்பதுதான் அவன் கொண்டுவந்த செய்தி. தீர்ப்புச் சொல்வது எளிது. அதை நிறைவேற்றும் பொறுப்பும் உனக்குத்தான் என்று சொன்னதும் ஈசாக்கு தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டார்.

இதெல்லாம் சரி, தன் பாவத்தையே நினைத்துக்கொண்டிருந்தால் மனிதன் நொறுங்கிப் போகமாட்டானா என்று கேட்பீர்கள். அதற்கு அந்த நோயாளிக் கூடத்துக்குள்தான் போக வேண்டும். அங்கே தொரொத்தேயுவின் கீழ் தொசித்தேயு என்ற இளைஞர் வேலை பார்த்தார். ஒரு தளபதியின் வீட்டில் செல்லமாக வளர்ந்தவர். எருசலேமைப் பார்க்கப் போன இடத்தில், கெத்செமனேயில் நரகத்தைத் தீட்டியிருந்த படம் ஒன்று அவரை உலுக்கிவிட்டது. மடத்துக்கு வந்து, நான் மீட்படைய வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தொரொத்தேயு அவரை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வைத்தார்.

நோயாளிகளோடு இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பொறுமை எந்த நேரத்தில் கழன்றுகொள்ளும் என்று. தொசித்தேயுவும் சில நாள் யாராவது ஒரு நோயாளியிடம் சிடுசிடுத்துவிடுவார். உடனே எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பண்டகசாலைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து அழுவார். மற்றவர்கள் போய்த் தேற்றிப் பார்ப்பார்கள், எழுந்திருக்க மாட்டார். கடைசியில் தொரொத்தேயு வருவார். ஏன் அழுகிறாய் என்று கேட்பார். சகோதரனிடம் கோபமாகப் பேசிவிட்டேன் என்பார் தொசித்தேயு. அதற்கு அவர், பரவாயில்லை விடு என்று சொல்வதில்லை. அந்த நோயாளி கிறிஸ்து அல்லவா, அவரையா மனம் நோகச் செய்தாய் என்று கண்டிப்பார். கொஞ்ச நேரம் அழ விடுவார். பிறகு, கடவுள் உன்னை மன்னிப்பாராக, எழுந்திரு, புதிதாகத் தொடங்குவோம் என்பார். அந்த வார்த்தை வந்ததும் தொசித்தேயு துள்ளி எழுந்து வேலைக்கு ஓடிவிடுவார். பாவத்தைச் சின்னதாக்கவும் இல்லை, அதிலேயே கிடக்க விடவும் இல்லை. அழுதுகொண்டே பண்டகசாலையில் உட்கார்ந்திருந்தால் நோயாளிக்குத் தண்ணீர் கொடுப்பது யார்? தன் பாவத்தைப் பார்க்கிறேன் என்று தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வகைத் தன்னலம்தான் என்பது என் எண்ணம். தொரொத்தேயு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இன்னொரு நாள், படுக்கையை நன்றாக விரிக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வருகிறது என்று தொசித்தேயு வந்து சொன்னபோது, நல்ல வேலைக்காரன் ஆகிவிட்டாய், நல்ல துறவி ஆனாயா என்று கேட்டு அனுப்பிவைத்தார்.

மடத்தில் 5 ஆண்டுகள் மட்டுமே இருந்து, ரத்தம் ரத்தமாகத் துப்பி, இளம் வயதிலேயே தொசித்தேயு இறந்தார். சாகும் தருவாயில், சமாதானத்தோடு போ, எங்களுக்காக வேண்டிக்கொள் என்று பர்சனூபியஸ் அவருக்குச் சொல்லி அனுப்பியதைக் கேட்டு மற்ற துறவிகளுக்கு மனத்தாங்கல். இந்தப் பையன் அப்படி என்ன செய்துவிட்டான்? எங்களைப் போல ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்டானா? இரவு ஜெபத்துக்கு முன்னாலேயே விழித்திருந்தானா? நோயாளிகளுக்கு வைத்ததில் மிஞ்சியதை அவன் சாப்பிட்டதைத்தானே பார்த்தோம்! அவர்கள் கண்ணால் கண்டது உண்மை. நோயில் உழல்கிறவர்களிடம் சலிப்பை அடக்க அந்தப் பையன் தினமும் பட்ட பாடு அவர்கள் கண்ணில் படவில்லை. சில காலம் கழித்து அங்கே வந்த பெரியவர் ஒருவர், அந்த மடத்தில் இறந்த புனிதர்களைக் காட்டும்படி கடவுளிடம் வேண்டினாராம். வரிசையாக முதியவர்கள், நடுவே ஓர் இளைஞன். அந்த முகம் எப்படி இருந்தது என்று அவர் விவரித்ததும் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

தலைப்பில் உள்ள பெரியவரை இன்னும் சொல்லவில்லை. அவர் பெயர் அம்மோனாஸ், எகிப்தில் ஆயராக இருந்த துறவி. ஒரு துறவியின் அறையில் பெண் இருக்கிறாள் என்று செய்தி பரவி, அவனை விரட்டக் கூட்டம் கிளம்புகிறது. அம்மோனாஸையும் அழைத்துக்கொண்டு வருகிறார்கள். பயந்துபோன துறவி அந்தப் பெண்ணைப் பெரிய பானைக்குள் ஒளித்துவைக்கிறான். உள்ளே நுழைந்த அம்மோனாஸுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. பேசாமல் போய் அந்தப் பானையின் மேல் உட்கார்ந்துகொண்டு, தேடிப்பாருங்கள் என்கிறார். எங்கும் கிடைக்கவில்லை. கடவுள் உங்களை மன்னிப்பாராக என்று கூட்டத்தை அனுப்பிவைத்துவிட்டு அந்தத் துறவியின் கையைப் பிடித்து, உன்னைப் பார்த்துக்கொள் சகோதரா என்று சொல்லிப் போய்விடுகிறார். தொரொத்தேயு இதை மெச்சிச் சொல்கிறார். பெரிய மீன் தூண்டிலில் மாட்டித் துள்ளும்போது மீனவர்கள் வெடுக்கென்று இழுக்க மாட்டார்கள், கயிற்றைத் தளர்த்திவிடுவார்கள், இல்லையென்றால் கயிறு அறுந்து மீன் போய்விடும் என்று விளக்கமும் தருகிறார்.

இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை தவறான கையில் கிடைத்தால் ஆபத்து. திருச்சபைக்குள் சிறுவர்களிடமும் பெண்களிடமும் தப்பாக நடந்தவர்களைப் பல நாடுகளில் பல ஆண்டுகள் மூடி மறைத்திருக்கிறார்கள். புகார் சொல்ல வந்தவர்களிடம், நீ மட்டும் பாவமில்லாதவளா, தீர்ப்பிடாதே, மன்னித்துவிடு என்று வேதத்தையே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய துரோகம் இந்தப் போதனைக்கு வேறு இல்லை. தன் பாவத்தை நினை என்பது ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. அடிபட்டவளின் வாயை அடைக்க அடித்தவன் சொல்கிற வார்த்தை அல்ல. அம்மோனாஸின் எதிரே நின்றது, ஒரு பலவீனனை விரட்டியடிக்கத் துடித்த கூட்டம். பாதிக்கப்பட்டவர் நீதி கேட்டு நிற்கிற இடத்தில் பானையின் மேல் போய் உட்கார்ந்தால், மூடப்படுவது அந்தப் பாதிக்கப்பட்டவரின் குரல்.

இயேசுவே இதில் எந்தக் குழப்பமும் வைக்கவில்லை. துரும்பையும் உத்திரத்தையும் பற்றிச் சொன்னபோது, உன் கண்ணில் உள்ள உத்திரத்தை எடுத்தபின் சகோதரனின் கண்ணில் உள்ள துரும்பை எடுக்கத் தெளிவாகப் பார்ப்பாய் என்றுதான் முடிக்கிறார். துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லவில்லை. சிறியவர்களைக் கெடுக்கிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று மத்தேயு 18-இல் சொன்னதும் அவர்தான். அதே அதிகாரத்தின் கடைசியில், 10,000 தாலந்து கடன் தள்ளுபடியான வேலைக்காரன் தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் கழுத்தைப் பிடித்த கதை வருகிறது. ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். ஆக அவனுக்குத் தள்ளுபடியானது 6 கோடி. ஆனால் அந்த 100-ஐ அற்பம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். 100 நாள் கூலியை இழந்தவனின் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று நமக்குத் தெரியாதா? நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. அது உண்மையான கடன்தான் என்று ஒத்துக்கொண்டுதான் அந்த 6 கோடியை நினைவூட்டுகிறார்.

அப்படியென்றால் அடுத்தவர் குற்றத்தை எப்போது பேசலாம், எப்போது கூடாது? 4-ஆம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவின் செசரியாவில் ஆயராக இருந்த பசிலியு, துறவிகள் கேட்ட கேள்விகளுக்கு எழுதிய பதில்களில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இல்லாதவரின் தவறைப் பேச அவர் அனுமதிக்கிற இடங்கள் இரண்டு. அவரை எப்படித் திருத்துவது என்று அனுபவம் உள்ளவர்களோடு கலந்துபேசும்போது ஒன்று. விவரம் தெரியாமல் அவரோடு பழகிக் கெடக்கூடியவர்களை எச்சரிக்கும்போது இன்னொன்று. நம் பொருளாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு வரவில்லை என்று சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். புதிதாகக் குடிவந்தவர் பெரிய தொகையை ரசீது இல்லாமல் அவரிடம் கொடுக்கப் போகிறார் என்றால் தடுத்துச் சொல்லலாம். அவர் வீட்டில் என்ன சண்டை, மகன் ஏன் தனிக்குடித்தனம் போனான், அவருடைய அப்பாவும் இப்படித்தானாமே என்பதெல்லாம் இந்த இரண்டில் எதிலும் வராது.